ஓட்டை போட்ட டின்கள்

1956 மார்ச் 6ஆம் தேதி இரண்டு லேண்ட் ரோவர் வண்டிகள் சிங்கப்பூருக்குள் நுழைந்தன. கருநீல வண்டிக்குப் பெயர் ஆக்ஸ்ஃபோர்டு, வெளிர்நீல வண்டிக்குப் பெயர் கேம்பிரிட்ஜ். 1955 செப்டம்பர் 1 அன்று லண்டன் ஹைட் பார்க் முனையில் கிளம்பிய வண்டிகள் அவை. ஆறு மாதமும் சில நாட்களும் ஓடி, சிரியா, ஈராக், பாரசீகம், பலூசிஸ்தான் பாலைகளைத் தாண்டி, இந்தியா வந்து, பர்மாவின் காடுகளுக்குள் புகுந்து, தாய்லாந்து வழியாக மலாயாவுக்குள் இறங்கியவை. உள்ளே படிப்பை அப்போதுதான் முடித்திருந்த ஆறு இளைஞர்கள். அவர்களில் ஒருவரான டிம் ஸ்லெஸர் எழுதிய 'ஃபர்ஸ்ட் ஓவர்லேண்ட்' நூல் 1957இல் வந்தது. பாலைவனத்திலோ காட்டிலோ வண்டி ஓட்ட ஆசைப்படும் எவருக்கும் அது இன்றும் ஒரு வேதப் புத்தகம் மாதிரி.

வடக்கு தெற்கு நெடுஞ்சாலை இல்லாத காலம் அது. கோலாலம்பூரிலிருந்து சிங்கப்பூருக்கு இறங்குகிற வண்டிக்குப் பிரதான சாலை செராஸ், காஜாங், செமினி, பெரானாங், மந்தின், சிரம்பான் என்று போகும். முதலாம் எண் கூட்டரசுச் சாலை. இன்றும் எங்கள் ஊரின் நடுவே அதுதான் ஓடுகிறது. சாயங்காலம் ஐந்தரை மணிக்கு அதில் மாட்டிப் பாருங்கள், லண்டனிலிருந்து வந்தவனின் களைப்பு உங்களுக்கும் கொஞ்சம் புரியும்.

இந்தப் புத்தகத்தை நான் கையில் எடுத்ததற்குக் காரணம் வரலாற்று ஆர்வமில்லை. பள்ளிக்கூடத்து நண்பர்கள் இருவர் சனி ஞாயிறானால் ஃபோர்-வீலை எடுத்துக்கொண்டு சுங்கை லாலாங் பக்கம் காட்டுத் தடங்களுக்குள் போய்ச் சேறு பூசிக்கொண்டு வருகிறவர்கள். இந்த நாட்டில் அந்தப் பைத்தியம் நிறையப் பேருக்கு உண்டு. 1997இல் தொடங்கிய ரெயின்ஃபாரஸ்ட் சேலஞ்ச் போட்டிக்கு வெளிநாட்டிலிருந்தெல்லாம் ஆள் வருகிறார்கள். ஆனால் சேறு அலுத்துவிட்டதாம். "மச்சான், மணல்ல ஓட்டணும்டா" என்று ஆரம்பித்து, ஆஸ்திரேலியாவின் சிம்ப்சன் பாலைவனத்தைக் குறுக்கே கடப்பது என்று முடிவானது. எனக்கு வண்டி ஓட்டத் தெரியும் என்று சொல்லலாம், அவ்வளவுதான். "நீதான் படிக்கிறவன், லிஸ்ட்டு நீ போடு" என்று பொறுப்பை என் தலையில் கட்டிவிட்டார்கள். அப்படித்தான் பழைய பயணிகளின் பட்டியல்களைத் தேடிப் போனேன்.

பாலைவனப் பயணத்தின் வரலாறு பெரும்பாலும் பட்டியல்களின் வரலாறுதான் என்பது போகப் போகத் தெரிந்தது. எத்தனை லிட்டர் தண்ணீர், எத்தனை லிட்டர் எரிபொருள், அந்த எடையைத் தூக்க இன்னும் எத்தனை லிட்டர். இந்தக் கணக்கை மோட்டார் வண்டிக்கு ஒழுங்காகப் போட்டவர்களில் முதன்மையானவர் ரால்ஃப் பேக்னால்டு என்கிற பிரிட்டிஷ் ராணுவப் பொறியாளர். 1920களின் கடைசியிலும் 30களிலும் கெய்ரோவிலிருந்து சில நண்பர்களோடு, விடுமுறையில், சொந்தக் காசில், ஃபோர்டு கார்களை ஓட்டிக்கொண்டு லிபியப் பாலைக்குள் போனவர். மணலில் வண்டி புதைந்தால் டயரில் காற்றைக் குறைக்க வேண்டும், அப்போது டயர் அகலமாக உட்கார்ந்து மணல்மேல் மிதக்கும். புதைந்த சக்கரத்துக்கு அடியில் நீள இரும்புத் தகடு கொடுக்க வேண்டும். ரேடியேட்டரில் கொதித்து வெளியேறும் ஆவியை ஒரு குழாய் வழியாகப் பாதி நீர் நிரம்பிய டப்பாவுக்குள் விட்டால் அது குளிர்ந்து நீராகி ரேடியேட்டருக்கே திரும்பும், ஒரு சொட்டும் வீணாகாது. வண்டியின் இரும்பு காந்தமுள்ளைக் குழப்பும் என்பதால் ஊசியின் நிழலை வைத்துத் திசை காட்டும் சூரியத் திசைகாட்டி. இவையெல்லாம் அவருடைய சிறு கூட்டம் சோதித்துச் சோதித்துச் செம்மையாக்கியவை. இன்று கடையில் நெகிழியில் பளிச்சென்று ஆரஞ்சு நிறத்தில் விற்கிறார்களே மணல் பலகை, அதன் தாத்தா கெய்ரோ கடையொன்றில் பேக்னால்டு கண்டெடுத்த இரும்புத் தகடு.

விடுமுறை விளையாட்டு 1940இல் போராகிவிட்டது. அந்த ஆண்டு ஜூலையில் பேக்னால்டு எகிப்தில் தொடங்கிய படைதான் பின்னால் 'லாங் ரேஞ்ச் டெசர்ட் குரூப்' என்று பேர் வாங்கியது. அதே பாலையில் 4ஆம் இந்தியப் படைப்பிரிவோடு மெட்ராஸ் சாப்பர்ஸின் 12ஆம் ஃபீல்டு கம்பெனியும் இருந்தது. சாப்பர்ஸ் என்றால் பொறியாளர் படை. கண்ணிவெடி எடுப்பது, பாதை போடுவது எல்லாம் அவர்கள் தலையில். பேக்னால்டு மணல்மேடுகளின் இயற்பியலைப் பற்றி 1941இல் எழுதிய நூலை விண்வெளி ஆய்வாளர்கள் இன்றும் படிக்கிறார்கள். சாப்பர்ஸில் இருந்த நம்மாட்களில் யாராவது அந்த மணலைப் பற்றி ஒரு கடிதமாவது வீட்டுக்கு எழுதியிருப்பார்கள். அப்படி ஒரு கடிதம் யார் வீட்டு டிரங்குப் பெட்டியிலாவது கிடந்தால் அது எனக்கு 'லிபியன் சேண்ட்ஸ்' நூலைவிடப் பெரிது.

பட்டியலில் என்னை அதிக நேரம் நிறுத்திவைத்தது டின்தான். வட ஆப்பிரிக்கப் போரில் பிரிட்டிஷ் படை பெட்ரோலையும் தண்ணீரையும் நாலு கேலன் தகர டின்களில் கொண்டுபோனது. மெல்லிய தகரம். லாரி குலுங்கினால் விளிம்பு பிரியும், ஒழுகும். கிளம்பிய இடத்தில் நிரப்பியதில் ஒரு பெரும்பங்கு போய்ச் சேருமுன் மணல் குடித்துவிடும். வீரர்கள் அதற்கு வைத்த பட்டப்பெயர் 'ஃப்ளிம்ஸி', அதாவது சோதா. ஜெர்மானியர்களிடமிருந்ததோ 1930களிலேயே வடிவமைத்த 20 லிட்டர் இரும்புக் கேன். மேலே மூன்று கைப்பிடி. ஒருவர் ஒரு கையில் இரண்டு காலிக் கேன்களைப் பிடிக்கலாம், நிரம்பிய கேனை இரண்டு பேர் சேர்ந்தும் தூக்கலாம். பிரிட்டிஷார் அதைக் கைப்பற்றிப் பயன்படுத்தி, பிறகு அப்படியே நகலெடுத்தார்கள். ஜெர்மானியர்களுக்கு அவர்கள் வைத்த பட்டப்பெயர் 'ஜெர்ரி', அதுதான் ஜெர்ரி கேன். சிம்ப்சன் பட்டியலில் அதுவும் உண்டு.

அந்தச் சோதா டின் நமக்கும் தெரிந்ததுதான். தோட்டத்து லயத்தில் வாழ்ந்தவர்களைக் கேளுங்கள். மண்ணெண்ணெய் தகரம். மேல்பக்கத்தை வெட்டி, குறுக்கே ஒரு கட்டை அடித்தால் தண்ணீர் வாளி. வெந்நீர் போட அதுதான், அரிசி கொட்டி வைக்க அதுதான், தீபாவளிக்கு முறுக்கு அடைத்துவைக்கவும் அதுதான். பாட்டி வீட்டில் ஒன்று ரொம்ப நாள் கிடந்தது. வட ஆப்பிரிக்காவில் ஒரு ராணுவத்தை நோகடித்த டின் செமினியில் முப்பது வருஷம் உழைத்திருக்கிறது.

இந்த டின் பேச்சில்தான் என் ஆராய்ச்சி வேறு பக்கம் திரும்பியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மேசையில் பட்டியலைப் பரப்பி வைத்திருந்தேன். மத்தி டின், பட்டாணி டின், கோழிக்கறி டின், பிஸ்கட், பால் பவுடர், எல்லாம் நாள் கணக்கில் பிரித்து எழுதியது. பாட்டிக்குப் படிக்க வராது, நான் வாசித்துக் காட்டினேன்.

"ஏன்டா, ஒரு வாரத்துக்கு மூணு பேரு இம்புட்டும் திங்கப் போறீங்களா?"

"வண்டி மாட்டிக்கிச்சின்னா கூடுதலா நாள் ஆவும் பாட்டி. அதுக்குத்தான்."

"டின்னுலாம் ஓட்ட போடாமயா குடுப்பான்?"

எனக்கு விளங்கவில்லை. பாட்டிதான் சொன்னார். "அப்ப கடக்காரன் டின்ன ஓட்ட போட்டுத்தான் குடுப்பான். அன்னிக்கே தின்னுடணும். வெச்சிருந்தா கெட்டுப் போயிரும். காட்டுல இருக்கறவனுங்களுக்குக் குடுத்துருவோமாம்."

அவசரகாலம். 1948 ஜூனில் பிரகடனமானது, 1960இல்தான் முடிந்தது. காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுப் படையைச் சுட்டுப் பிடிப்பதைவிடப் பட்டினி போட்டுப் பிடிப்பது சுலபம் என்று அரசு கண்டுகொண்டது. 1950இல் வந்த பிரிக்ஸ் திட்டத்தின்படி காட்டோரத்தில் குடியிருந்த சுமார் 5 லட்சம் பேர், பெரும்பாலும் சீனர்கள், முள்வேலி போட்ட புதுக்கிராமங்களுக்குள் பெயர்த்து வைக்கப்பட்டார்கள். தோட்டத்து லயங்களையும் ஒன்றுதிரட்டி வேலியடைத்தார்கள். அரிசிக்கு அளவு. கடையில் விற்கும் டின்னை அங்கேயே ஓட்டை போட்டுத்தான் கொடுக்க வேண்டும் என்பது விதி. கட்டுப்பாட்டுப் பகுதிகளில் வேலி தாண்டி ஒரு கவளம் சோறு கொண்டுபோனாலும் குற்றம்.

மரம் வெட்டுகிறவர்களுக்கு இது எப்படிப்பட்ட விதி என்று யோசித்துப் பாருங்கள். பால்மரம் விடியற்காலையில் வெட்ட வேண்டும், வெயில் ஏறினால் பால் நின்றுவிடும். இருட்டில் பெரட்டு, பிறகு காடு. காலைப் பசியாறுவது காட்டில், மரத்தடியில் உட்கார்ந்து. அதைத்தான் தடுத்தார்கள். செமினியைச் சுற்றியிருந்த தோட்டம் ஒன்றில் பாட்டி அப்போது வேலைக்குப் போக ஆரம்பித்திருந்தார். வயது பதினாலு. "கேட்டுல மாத்தாமாத்தா நிப்பானுங்க. வாளியில கைய விட்டுப் பாப்பான், கொண்டையக் கூட அவுத்துப் பாப்பாளுங்க. தேத்தண்ணி குடிச்சிட்டுப் போனா, ரெண்டு மணிக்கு வூட்டுக்கு வந்துதான் சோறு."

1956 தொடக்கத்தில் செமினிப் புதுக்கிராமத்து வாசலில் நடந்த சோதனைகள் பெரிய சர்ச்சையாயின. வேலைக்குக் கிளம்பும் பெண்களின் உடைகளைக் களையச் சொல்லிச் சோதித்தார்கள் என்பது புகார். விஷயம் இந்த நாட்டோடு நிற்கவில்லை. அரசு விசாரணை வைத்தது. அதே ஆண்டு கோலாலம்பூரில் அறிக்கை அச்சாகி வெளிவந்தது, தலைப்பிலேயே எங்கள் ஊர்ப் பெயரோடு: செமினியில் உணவுச் சோதனைகள் நடத்தப்பட்ட விதம் பற்றிய அறிக்கை. ஊரில் அந்த அறிக்கையைத் தெரிந்தவர்களைவிட புரோகா மலையில் செல்ஃபி எடுக்க நல்ல இடம் எதுவென்று தெரிந்தவர்கள் அதிகம். அதில் தப்பில்லை, ஆனாலும் சொல்லிவைக்கிறேன்.

இப்போது அந்த இரண்டு வண்டிகளை மறுபடி நினைத்துக்கொள்ளுங்கள். ஏறக்குறைய அதே மாதங்களில்தான் அவை இந்தச் சாலையில் போகின்றன. பாலிங் பேச்சுவார்த்தை 1955 டிசம்பர் கடைசியில் முறிந்தாகிவிட்டது. 1956 பிப்ரவரியில் லண்டனில் துங்கு அப்துல் ரஹ்மான் சுதந்திரத்துக்கு நாள் குறித்துவிட்டார். காடு மட்டும் அப்படியே இருக்கிறது, வேலியும் அப்படியே. அந்த நிலத்தினூடே நிறுவனங்கள் கொடுத்த சாமான்களைச் சுமந்த வண்டிகள் போகின்றன.

அந்த ஆறு பேர்மேல் எனக்குக் கோபம் இல்லை. ஸ்லெஸரின் எழுத்தில் திமிர் குறைவு, கேலி அதிகம், அதிலும் தன்னைத்தானே கேலி செய்வது அதிகம். அவர்களுடைய திட்டமிடல் உண்மையிலேயே வியக்கத்தக்கது. ஏட்ரியன் கோவெல் என்பவர்தான் மூளை. கையில் காசு கிடையாது. வண்டி ரோவர் நிறுவனத்தினுடையது. மற்ற சாமான்களுக்கெல்லாம் நிறுவனம் நிறுவனமாகக் கடிதம் எழுதினார்கள். பிபிசியில் அப்போது இளம் தயாரிப்பாளராக இருந்த டேவிட் அட்டன்பரோ படச்சுருள் கொடுத்தார். ஒருவர் இயந்திரம் பார்ப்பவர், ஒருவர் வழி பார்ப்பவர், ஒருவர் படமெடுப்பவர் என்று வேலையைப் பிரித்துக்கொண்டார்கள். அதற்கு முன் எவரும் லண்டனிலிருந்து சிங்கப்பூர் வரை முழுக்க வண்டியிலேயே வந்து சேர்ந்ததில்லை. பாலைவனம் தடையாக இருந்ததில்லை. பர்மாவில்தான் எல்லோரும் நின்றுபோனார்கள்.

வழி திறந்திருந்ததே ஒரு சின்ன இடைவெளியில்தான். 1956 கடைசியில் சூயஸ் நெருக்கடி. 1958இல் ஈராக்கில் மன்னராட்சி கவிழ்ந்தது. 1962இல் பர்மாவில் ராணுவம் ஆட்சியைப் பிடித்துக் கதவைச் சாத்தியது. அந்த ஆக்ஸ்ஃபோர்டு வண்டி பல இடம் சுற்றி, அட்லாண்டிக் தீவொன்றில் துருப்பிடித்துக் கிடந்து, மீட்கப்பட்டு, 2019 ஆகஸ்டில் சிங்கப்பூரிலிருந்து லண்டனுக்குத் திரும்பி ஓடியது, டிசம்பரில் போய்ச் சேர்ந்தது. சிரியாவுக்கும் ஈராக்குக்கும் போகவில்லை, மத்திய ஆசியா வழியாகச் சுற்றிக்கொண்டுதான் போனது. எண்பது வயதைத் தாண்டிய ஸ்லெஸர் கிளம்பும் நேரத்தில் உடம்புக்கு முடியாமல் போக, பேரன் ஏறிக்கொண்டான்.

பர்மாப் பகுதியைப் பற்றி நாம் தனியாகப் பேச வேண்டும். அஸ்ஸாமின் லேடோவிலிருந்து பாங்சாவ் கணவாய் ஏறி ஹுகாவ்ங் பள்ளத்தாக்கில் இறங்கும் போர்க்காலப் பாதை வழியாகத்தான் வண்டிகள் பர்மாவுக்குள் போயின. ஸ்டில்வெல் சாலை என்பார்கள். போருக்குப் பிறகு காடு மூடிவிட்டிருந்த சாலை. புத்தகத்தின் பரபரப்பான பக்கங்கள் இவை. ஆனால் அந்தச் சாலை போடப்படுவதற்கு முன்பே, 1942இல், அதே பள்ளத்தாக்கும் அதே கணவாயும் ஆயிரக்கணக்கான மனிதர்களை எதிர்த்திசையில் பார்த்துவிட்டன. ஜப்பானியப் படை பர்மாவுக்குள் வந்தபோது இந்தியர்கள் லட்சக்கணக்கில் தரை வழியாக வெளியேறினார்கள். தமூ வழியாக மணிப்பூருக்கு ஒரு கூட்டம், அரக்கான் பக்கம் ஒரு கூட்டம், எல்லாவற்றிலும் கொடுமையான ஹுகாவ்ங் வழியில் ஒரு கூட்டம். மழைக்காலம், சேறு, காலரா, மலேரியா. வழியில் செத்தவர்கள் பல்லாயிரம். தமிழர்கள் அதில் ஏராளம்.

அவர்களிடமும் பட்டியல் இருந்திருக்கும். கொஞ்சம் அரிசி, ஒரு பாத்திரம், நகை முடிச்சு, குழந்தை. நடக்க நடக்கப் பட்டியலைக் குறைத்துக்கொண்டே வந்திருப்பார்கள். வெ. சாமிநாத சர்மா ரங்கூனிலிருந்து நடந்து வந்ததைப் புத்தகமாக எழுதியிருக்கிறார். ஹெப்சிபா ஜேசுதாசனின் 'மா-னீ' நாவல் பர்மாவின் அந்தக் காலத்தை வைத்து எழுதப்பட்டது. 'ஃபர்ஸ்ட் ஓவர்லேண்ட்' படிக்கிறவர்கள் சர்மாவையும் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டும் என்பேன். ஒரே நாட்டைக் கடப்பது பற்றிய இரண்டு நூல்கள். முதல் நூலில் முன்னால் என்ன வரும் என்ற ஆவல், இரண்டாவதில் பின்னால் என்ன வருகிறது என்ற பயம்.

நண்பர்களிடம் இதையெல்லாம் சொன்னபோது ஒருவன், "சரிலா, அதனால என்னா, போக வேணாம்ங்கிறியா?" என்றான். அப்படியெல்லாம் இல்லை. போகத்தான் போகிறோம். நம் வீட்டில் யாருக்குமே முன்கூட்டித் திட்டம் போட்டுப் போகிற பயணம் வாய்த்ததில்லை என்பதால் இந்தப் பட்டியல் எனக்கு இன்னும் ருசிக்கிறது. தோட்டத்துக்கு வந்தவர்களைக் கங்காணி கூட்டி வந்தார். சயாம் மரண ரயில் பாதைக்குப் போனவர்களை ஜப்பான்காரன் ஏற்றிக்கொண்டு போனான். எத்தனை நாள் சாப்பாடு, எப்போது திரும்புவது என்பதை நாமே உட்கார்ந்து எழுதுவது ஒரு புது அனுபவம்தான்.

பாலை என்பதே நமக்கு முதலில் பிரிவின் பேர், பிறகுதான் மணல். பொருள் தேடிப் போகிறவன் கடக்கிற நிலம். முல்லையும் குறிஞ்சியும் மழை பொய்த்துத் தம் இயல்பு திரிந்தால் பாலை ஆகும் என்பது இளங்கோவின் கணக்கு. நிலையான பாலைவனம் இல்லாத நாட்டுக்காரர்களுக்குச் சரியான கணக்குதான். சிம்ப்சன் அப்படியில்லை. ஆயிரத்துக்கும் மேற்பட்ட சிவப்பு மணல்மேடுகள் ஒன்றுக்கொன்று இணையாக, கடல் அலை உறைந்து நின்றது மாதிரி. கிழக்கு ஓரத்தில் பேர்ட்ஸ்வில், மேற்கில் மவுண்ட் டேர். இடையில் ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல் எண்ணெய்க் கடை கிடையாது. 1960களில் எண்ணெய் தேடிய பிரெஞ்சு நிறுவனம் போட்ட தடம்தான் இன்றும் பிரெஞ்சு லைன். 1962இல் முதன்முதலாக அந்தப் பாலையை மோட்டார் வண்டியில் கடந்தவர் ரெக் ஸ்பிரிக் என்ற புவியியலாளர். நிசான் பட்ரோல் வண்டியில் மனைவியையும் இரண்டு பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு போயிருக்கிறார். நண்பர்களுக்கு இந்தச் செய்தி பிடித்துவிட்டது, அவர்களுடையதும் நிசான்.

அதற்கு அடுத்த ஆண்டு, 1963 டிசம்பரில், பேர்ட்ஸ்வில் தடத்தில் எண்ணெய் தீர்ந்து நின்ற காரைவிட்டு இறங்கித் தண்ணீர் தேடி நடந்த ஒரு குடும்பத்தின் ஐந்து பேரும் இறந்துபோனார்கள். இங்கிலாந்திலிருந்து குடியேறியவர்கள். பாலைவனப் பயணத்தின் முதல் விதியை அங்கே எல்லோரும் இப்படித்தான் சொல்கிறார்கள்: என்ன ஆனாலும் வண்டியை விட்டுப் போகாதே. நடக்கிற மனிதன் ஆகாயத்திலிருந்து கண்ணுக்குத் தெரியமாட்டான், வண்டி தெரியும்.

ஆனால் அந்த மணலில் வாழ்ந்தவர்கள் உண்டு. வாங்ககங்குரு மக்கள். மேடுகளுக்கு இடையே பள்ளங்களில் ஆழமாகத் தோண்டிய குறுகிய கிணறுகள், மிகிரி என்பார்கள், அவற்றை நம்பித் தலைமுறை தலைமுறையாக அங்கேயே இருந்தார்கள். 1886இல் டேவிட் லிண்ட்சே என்ற நில அளவையாளர் அந்தப் பாலைக்குள் போய் ஒன்பது கிணறுகளைக் கண்டு எழுதிவைத்தார். கண்டு என்பது மரியாதைக்குச் சொல்வது. கூட்டிப்போய்க் காட்டியவர் ஒரு வாங்ககங்குரு மனிதர். 1900 வாக்கில் கடைசிக் குடும்பங்களும் வெளியேறின. மேற்கு ஆஸ்திரேலியாவில் இது இன்னும் மோசம். 1906இல் மாடு ஓட்டும் தடத்துக்கு அளவெடுக்கப் போன ஆல்ஃபிரட் கேனிங், தண்ணீர் இருக்குமிடத்தைக் காட்டச் சொல்லி அங்கிருந்த பழங்குடியினரைப் பிடித்துச் சங்கிலியால் பூட்டி இழுத்துக்கொண்டு போனார். அவருடைய சமையல்காரரே புகார் கொடுத்தார். 1908இல் விசாரணை ஆணையம் வைத்தார்கள். கேனிங் குற்றமற்றவர் என்று தீர்ப்பு. அந்தத் தடத்தின் பேர் இன்றும் கேனிங் தடம்தான். நண்பர்களின் அடுத்த ஆசை அது. அதற்கு நான் பட்டியல் போடப் போவதில்லை என்று சொல்லிவிட்டேன்.

சிம்ப்சன் பட்டியல் முடிந்துவிட்டது. கோடையில், டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை, பூங்காவை மூடிவிடுகிறார்கள். நாங்கள் போவது ஜூலையில். ஆளுக்கு ஒரு நாளைக்கு 10 லிட்டர் தண்ணீர், அதோடு கூடுதலாக ஐந்து நாளுக்கு. எதிரே மேடேறி வரும் வண்டிக்குத் தெரிய முகப்பில் உயரக் கொடி, அது கட்டாயம். அனுமதிச் சீட்டு. இரண்டு மணல் பலகை, ஒரு மண்வெட்டி, காற்றுமானி, காற்றடிக்கும் பம்ப். டின் உணவுகளைப் பாட்டி சொன்னபடி பாதியாகக் குறைத்து, அந்த இடத்தில் அரிசியும் பருப்பும் நெத்திலிக் கருவாடும் போட்டிருக்கிறேன். நெத்திலியை மட்டும் ஆஸ்திரேலிய விமான நிலையத்தில் விடுவார்களா என்று விசாரிக்க வேண்டும். அங்கேயும் கேட்டில் சாப்பாட்டைச் சோதிப்பார்கள்.